வேலூர் கோர்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடை: ஐந்துக்கு மூன்றரை

வாட்ஸ்அப்பை ஒழுங்காக பிரிண்ட் போடத் தெரிந்த ஜெராக்ஸ் கடை வேலூரில் எங்கே இருக்கிறது என்று இந்த ஒரு வருஷத்தில் என்னை ஆறேழு பேர் கேட்டுவிட்டார்கள். கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் ஒருத்தர், தினம் பஸ்ஸில் பார்த்துப் பழக்கமான ஒருத்தர், தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண். எல்லாருக்கும் ஒரே காரணம்தான், குடும்ப நல நீதிமன்றத்தில் கேஸ். ஒவ்வொருத்தருக்கும் தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்விட்டதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கடைப் பெயரைப் போடமாட்டேன். ஏன் என்பது படிக்கும்போது தெரியும். சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்கி கோர்ட் பக்கம் நடந்தால் வரிசையாகக் கடைகள், அதில் ஒன்று. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு அக்காவும் கல்லூரியில் படிக்கிற அவர் மகனும் நடத்துகிறார்கள், ரத்தினகிரி முருகர் காலண்டர் மாட்டியிருக்கும், இவ்வளவு போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் வழக்கு முடிந்து தீர்ப்பு நகலும் கைக்கு வந்துவிட்டது. நடந்துகொண்டிருக்கும்போது இதை எழுதியிருந்தால் என் வக்கீல் என் தோலை உரித்து ராணிப்பேட்டை தோல் ஷாப்புக்கே அனுப்பியிருப்பார். இப்போதும் கோர்ட்டுக்குள் நடந்தது ஒரு வரி இதில் வராது. இந்து திருமணச் சட்டத்தில் 22-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, இந்த வழக்குகளின் நடவடிக்கை மூடிய அறையில் நடக்கவேண்டியது, அதை அச்சடிக்கவோ வெளியிடவோ கூடாது, மீறினால் 1000 ரூபாய் வரை அபராதம். 1955-இல் போட்ட சட்டம், அன்றைக்கு ஆயிரம் ரூபாய் பெரிய காசு. இன்றைக்கு வாய்தா முடிந்து வெளியே வந்த கையோடு, ஜட்ஜ் இப்படிச் சொன்னார் அப்படிச் சொன்னார் என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களுக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

சரி, கடைக்கு வருவோம்.

நான் முதலில் போனபோது என் கையில் பதினாலு ஸ்கிரீன்ஷாட் இருந்தது. பாப்பாவின் அம்மா (வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, இப்போது எங்களுக்குள் இருக்கிற உறவு அதுதான்) என்னைத் திட்டி அனுப்பிய மெசேஜ்கள். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பொறுக்கி எடுத்து, மேலே கீழே வெட்டி, அவள் திட்டின இடம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். கலரில் போடுங்கள் என்று அக்காவிடம் போனை நீட்டினேன். அக்கா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார்.

"இது வேலைக்கு ஆகாது தம்பி. இதுல தேதியே இல்ல, நம்பரும் இல்ல. சாட்ட முழுசா ஒரே ஃபைலா எக்ஸ்போர்ட் எடுத்துனு வா. நீ பாதி போட்டா மீதிய அவங்க போடுவாங்க."

எனக்குக் கோபம். இருபத்தெட்டு ரூபாய்க்கோ நூற்று நாற்பது ரூபாய்க்கோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே, இந்த அம்மாவுக்கு எதற்கு இந்த வேலை என்று நினைத்தேன். பக்கத்துக் கடையில் போட்டும் வாங்கினேன், அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை, அரை நிமிடத்தில் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய் வக்கீலிடம் நீட்டினால் அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் கெட்ட வார்த்தையோடு. மறுபடி அக்காவிடம் வந்தேன்.

இந்த இடத்தில் கடையின் தொழில்சுத்தத்தைச் சொல்லவேண்டும். அக்கா தட்டச்சு ஹையர் முடித்தவர், தமிழ் இங்கிலீஷ் இரண்டிலும். டைப்ரைட்டர் காலத்திலிருந்து மனு அடித்த கை. முதல் வேலையாக என் போனில் லிங்க்டு டிவைஸ் என்ற இடத்தைத் திறக்கச் சொன்னார். எதற்கு என்று புரியாமல் திறந்தேன். ஒரு லேப்டாப் இருந்தது, கடைசியாக ஓடினது முந்தின நாள் ராத்திரி. அது பாப்பாவின் ஆன்லைன் கிளாஸுக்கு வாங்கின பழைய லேப்டாப், எப்போதோ அதில் வாட்ஸ்அப் வெப் போட்டிருக்கிறேன், அது இப்போது இருப்பது மாமியார் வீட்டில். ஒரு போனோடு இந்த மாதிரி நாலு கருவி வரைக்கும் கோத்து வைக்கலாம், அது பாட்டுக்கு ஓடும். நாங்கள் பிரிந்திருந்த அந்த ஏழெட்டு மாதமும் நான் வக்கீலுக்கு அனுப்பினது, தம்பியிடம் புலம்பினது எல்லாம் அங்கே திரையில் வந்துகொண்டிருந்திருக்கிறது. யாராவது பார்த்தார்களா என்று நான் இன்றுவரைக்கும் கேட்கவில்லை. அக்கா "லாக் அவுட் குடு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டார். இதற்குக் காசு வாங்கவில்லை.

அடுத்து எக்ஸ்போர்ட். எடுத்து மெயிலில் அனுப்பி, பிரிண்டர் ஓட ஆரம்பித்ததும் முதல் பக்கம் வெளியே வந்தது. அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிரிண்டரை நிறுத்தினார்.

ஏனென்றால் எக்ஸ்போர்ட் எடுத்தால் ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், அதற்கப்புறம் உங்கள் போனில் நீங்கள் என்ன பெயரில் பதிந்து வைத்திருக்கிறீர்களோ அந்தப் பெயர் வரும். நான் பதிந்து வைத்திருந்த பெயர் 'தலைவலி'. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து வைத்த பெயர் அது, என்னை அவள் 'தைலம்' என்று பதிந்திருந்தாள். அந்தக் கதை பேப்பரில் வராது. பேப்பரில் வருவது இப்படித்தான் வரும்: தலைவலி, பாப்பாவுக்கு 102 ஜுரம். தலைவலி, ஸ்கூல் ஃபீஸ் கடைசி தேதி நாளைக்கு. தலைவலி, எப்ப வருவ.

"இப்படியேவா போடணும்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவே சொன்னார், அந்த காண்டாக்ட்டை அழித்துவிட்டு மறுபடி எடுத்தால் பெயருக்குப் பதிலாக நம்பர் வரும், கோர்ட்டுக்கும் அதுதான் சரி, மெசேஜில் மட்டும் கை வைக்காதே என்று. பெயர் வந்த அந்த முதல் பக்கத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். இன்னும் பர்ஸில் மடித்து வைத்திருக்கிறேன்.

மொத்தம் 286 பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய், 572. சில்லறை இல்லை என்று 570 வாங்கினார். டேக் நூல் போட்டுக் கட்டி கையில் கொடுத்தபோது நல்ல கனம். அன்றைக்கு ராத்திரி வீட்டில் படித்தேன். அந்தப் பதினாலு ஸ்கிரீன்ஷாட்டிலும் அவள் கத்தின இடம் இருந்தது, இந்த 286 பக்கத்தில் அதற்கு மேலே நான் என்ன சொன்னேன் என்பதும் இருந்தது. நான் அனுப்பிவிட்டு அழித்தவை எல்லாம் 'நீங்கள் இந்த மெசேஜை நீக்கிவிட்டீர்கள்' என்று வரிசையாக நின்றன, ஒரே ராத்திரியில் பதினோரு தடவை. என்ன எழுதினேன் என்பது எனக்கே நினைவில்லை, ஆனால் ராத்திரி ஒன்றே முக்காலுக்கு ஒருத்தன் பதினோரு மெசேஜ் அனுப்பி பதினொன்றையும் அழித்திருக்கிறான் என்றால் படிக்கிறவர்களுக்குக் கற்பனை இல்லாமலா போகும்.

இதைவிட மோசம் வாய்ஸ் மெசேஜ். ஆடியோவை அப்படியே பென்டிரைவில் கொடுத்தாலும் அதில் இருக்கிற பேச்சை எழுத்தில் அடித்துக் கூட வைக்கவேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அக்கா இதற்கு நிமிடத்துக்கு நாற்பது ரூபாய் வாங்குகிறார், கேட்க அதிகம் மாதிரி இருக்கும், வேலையைப் பார்த்தால் குறைவு. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கால் வாக்கியம் கேட்டு நிறுத்தி, அடித்து, திரும்பக் கேட்டு, திருத்தி. அவளுடைய வாய்ஸ் மூன்று, அவற்றுக்கு நான் அனுப்பின பதில் ஐந்து. நான் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அக்கா ஹெட்செட்டில் ஒரு காதை மட்டும் விலக்கிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, இந்த எடத்துல நீ சொல்றது நாயா தாயா? வண்டி சத்தத்துல சரியா கேக்கல."

என்ன பதில் சொல்வது. "நாய்தான்க்கா" என்றேன்.

அடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பூச்சு எதுவும் இல்லாமல், நான் சொன்ன சொல்லை நான் சொன்ன மாதிரியே, எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தார். கெட்ட வார்த்தைக்குப் பதிலாகப் புள்ளி வைத்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு, வைத்தால் அதைவிடப் பெரிய வார்த்தையாக நினைத்துக்கொள்வார்கள் என்றார். இவ்வளவு வருஷ அனுபவம்.

நான் அப்போதெல்லாம் ஸ்டேட்டஸ் போடுகிற ஆளாகவும் இருந்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். துரோகம், பணம், பெண் புத்தி என்று கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. அவளுக்குத் தெரியாத மாதிரி மறைத்துத்தான் போடுவேன், அதற்கு ஒரு செட்டிங் இருக்கிறது. அவளுடைய சித்தி மகளை மறைக்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான். இருபத்து நாலு மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் காணாமல் போகும், ஸ்கிரீன்ஷாட் போகாது, எடுத்தார்கள் என்று நமக்குத் தெரியவும் தெரியாது. ஃபேஸ்புக்கில் நான் போட்டதைவிட கீழே சொந்தக்காரர்கள் எழுதினது இன்னும் மோசம். என் அத்தை ஒருத்தர், இங்கே வேலூர் ஓட்டேரியில் இருக்கிறார், நல்ல மனசுதான், "அப்பவே அறுத்து விட்டிருக்கணும்" என்று கமெண்ட் போட்டு மூன்று கும்பிடு பொம்மை வேறு. அதற்கு நான் லைக் போட்டிருக்கிறேன். கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவில் நின்று கத்தியிருந்தால்கூட போகிற வண்டிச் சத்தத்தில் போயிருக்கும்.

பாப்பாவின் ஆண்டு விழாப் படத்தைப் போட்டு அழுகிற மூஞ்சி இரண்டு வைத்தேன். இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கிறாள், "ஏம்ப்பா என் போட்டோவுக்கு அழற மூஞ்சி போட்ட? நான் நல்லா ஆடலயா?" கிளாஸ்மேட்டின் அம்மா காட்டியிருக்கிறார். ஏழு வயசு.

இனி அந்தக் கடைக்கு நான் குறைக்கிற நட்சத்திரத்துக்கு வருகிறேன், பெயர் சொல்லாததற்குக் காரணமும் இதுதான்.

மூன்றாவது தடவை போனபோது நான் மெயில் பண்ணின ஃபைலைத் தேட அக்கா டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தார். யார் யாருடைய ஃபைலோ, நூற்றுக்கணக்கில், படம் படமாகத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அந்தக் கடையில் மானிட்டர் வாடிக்கையாளர் பக்கம் பாதி திரும்பி இருக்கும். மேலிருந்து இரண்டாவது வரிசையில் நான் நிற்கிறேன். என் தம்பி போன தை மாதம் புல்லட் எடுத்தபோது ஷோரூமில் அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்களே, அந்தப் படம். வண்டி தம்பியுடையது, கடன் தம்பியுடையது, ஆனால் மூத்தவன் பிடிக்கட்டும் என்று சாவி என் கையில். நான் சந்தோஷத்தில் அதை இன்ஸ்டாகிராமில் 'புது வாழ்க்கை' என்று எழுதிப் போட்டேன். அந்தப் படம், அந்த எழுத்தோடு, தேதியோடு, முழுப் பக்கமாக அந்த ஃபோல்டரில் இருக்கிறது. நான் அதைக் கொண்டுவரவில்லை.

அக்கா ஒரு நொடியில் புரிந்துகொண்டு ஃபோல்டரை மூடினார். இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "தம்பி, எனக்கு ரெண்டு பக்கமும் கஸ்டமர்தான். நீ ஒண்ணும் பாக்கல, நானும் ஒண்ணும் சொல்லல" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். வாயை அவ்வளவு கட்டிக் காக்கிற ஒரு மனுஷி, கம்ப்யூட்டரை மட்டும் திறந்து போட்டு வைத்திருக்கிறார். இது சின்னத் தப்பு இல்லை. அங்கே வருகிற பாதிப் பேர் குடும்ப வழக்குக்காரர்கள், ஒருத்தருடைய சம்பளச் சீட்டும் இன்னொருத்தருடைய மெடிக்கல் ரிப்போர்ட்டும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறது. ஒன்றரை நட்சத்திரம் இதற்காகவே.

ஆனால் எனக்கு அந்த நேரத்தில் கடை மேல் கோபம் வரவில்லை, வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டால் இரண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சொல்லிவிட்டது. நம் வாயால் சம்பளம் இவ்வளவு, வண்டி இல்லை, கையில் ஒன்றுமில்லை என்று சத்தியம் பண்ணின பேப்பர் ஒரு பக்கம், புல்லட் சாவியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம் இன்னொரு பக்கம். வண்டியின் ஆர்சி தம்பி பெயரில்தான் இருக்கிறது என்று நிரூபிக்கலாம், நிரூபிக்கத்தான் வேண்டும், அதற்கு ஒரு வாய்தா, அரை நாள் லீவு, தம்பி ஒரு நாள் லீவு. ஏலகிரி போன படம், ஆம்பூரில் நாலு பேர் பிரியாணி தின்ற படம், நண்பன் காரில் சாய்ந்து நின்ற படம் எல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

உடனே வாசலுக்கு வந்து எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று போனை எடுத்தேன். நல்ல வேளை, எங்கள் வக்கீலின் ஜூனியர் எதிர்ச் சாரியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தம்பிதான் தடுத்தார். கேஸ் போட்ட பிறகு ஆதாரமாக வரக்கூடியதை வராமல் செய்யவேண்டும் என்று அழித்தால் அது தனிக் குற்றம், ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 241-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவும் அதில் உண்டு. படம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் அழித்தால் படத்தோடு அழித்ததும் சேர்ந்து வரும், இனிமேல் போடாமல் இருந்தாலே போதும் அண்ணா என்றார். வாங்கிக் கொடுத்த டீக்கு அன்றைக்கு அவர் சொன்னது நிறைய.

நான் கேட்டதில் ஒன்று, என் போன் எல்லா காலையும் தானாக ரெக்கார்ட் பண்ணுகிற போன், அது செல்லுமா என்பது. 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் விபோர் கர்க் எதிர் நேஹா வழக்கில், கணவன் மனைவிக்குள் நடந்த பேச்சை ஒருவர் தெரியாமல் பதிவு செய்திருந்தாலும் அவர்களுக்குள் நடக்கும் விவாகரத்து வழக்கில் அதை ஆதாரமாக எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. "அண்ணா, அவங்க போன்லயும் அந்த ரெக்கார்டு இருக்கும்ல" என்றார். இரண்டாவது, என் பழைய போனில் அவளுடைய ஜிமெயில் இன்னும் திறந்தே இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாமா என்பது. அதற்கு அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, மூன்று வருஷம் வரை. மனைவிக்குத் தெரியாமல் எடுத்த போன் கால் விவரங்களைக் கொண்டுவந்த கணவனுக்கு 2024 அக்டோபரில் நம் மெட்ராஸ் ஹைகோர்ட் மதுரைக் கிளை, அந்தரங்கத்தை மீறி எடுத்ததை ஏற்க முடியாது என்று சொன்னதையும் சொன்னார். அன்றைக்கே அந்த ஜிமெயிலை வெளியேற்றினேன். பிரிந்து தனித்தனியாக இருக்கும்போது பண்ணுவது கொடுமையில் சேராது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததும் அந்த டீயோடு போயிற்று, ஒரே கூரைக்கடியில் இல்லாவிட்டாலும் மனரீதியான கொடுமை நடக்கலாம் என்று 2013-லேயே ஸ்ரீனிவாச ராவ் எதிர் தீபா தீர்ப்பில் இருக்கிறதாம்.

மறுபடி கடை. போன், கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஆதாரத்தோடு வைக்கவேண்டிய சான்றிதழ் விஷயத்தில் இந்தக் கடைக்கு முழு மார்க். முன்னால் சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே, 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 63-ஆவது பிரிவு. படிவம் இரண்டு பாகம். முதல் பாகம் நாம் கொடுப்பது, எந்தப் போன், என்ன மாடல், யார் கையில் இருந்தது என்று. இரண்டாம் பாகம் நிபுணர் கொடுப்பது. இரண்டிலும் ஹாஷ் என்று ஒன்று கேட்பார்கள், ஃபைலுக்குக் கைரேகை மாதிரி. அக்காவின் மகன் அதை எனக்குச் செய்து காட்டினான். என் சாட் ஃபைலை கம்ப்யூட்டரில் ஒரு கட்டளைக்குள் போட்டால் எண்ணும் எழுத்துமாக 64 எழுத்து வருகிறது. பிறகு அந்த ஃபைலின் நகலில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி போட்டான், 64-உம் வேறு மாதிரி வந்துவிட்டது. "ஒரு புள்ளிய தொட்டாலும் தெரிஞ்சிடும் ண்ணா" என்றான். நான் முதலில் கொண்டுவந்த வெட்டின ஸ்கிரீன்ஷாட் பதினாலும் ஞாபகம் வந்தது.

முதல் பாகத்தை அக்கா டைப் பண்ணிக் கொடுத்தார், போனின் ஐஎம்இஐ நம்பரை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லி சரிபார்த்தார். இரண்டாம் பாகத்துக்கு, "அது நம்ம வேலை இல்ல, வக்கீல் யாரைச் சொல்றாரோ அங்க போ" என்று கை கழுவிவிட்டார். பக்கத்தில் எங்கோ ஐந்நூறு ரூபாய்க்கு இரண்டு பாகத்துக்கும் கையெழுத்து போட்டுத் தருகிறார்கள் என்று வரிசையில் நின்ற ஒருத்தர் சொன்னார். அக்கா காதில் வாங்காத மாதிரி லேமினேஷன் மெஷினைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்.

மற்ற குறைகள் சில்லறை. ஒரு ஃபேன்தான், அது பிரிண்டர் பக்கம் திரும்பி இருக்கிறது, வேலூர் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நின்றால் உங்கள் வழக்கே மறந்துபோகும். மாதாந்திர பராமரிப்புக்கு கரண்ட் எடுக்கிற நாளில் யூபிஎஸ்ஸில் ஜெராக்ஸ் ஓடாது. கலர் பக்கத்துக்குப் பத்து ரூபாய் என்பது அதிகம். தமிழ் டைப்பிங்கில் 'ற'கர 'ர'கரம் ஒரு தடவைகூடத் தப்பவில்லை, இங்கிலீஷில் ஓரிரண்டு தப்பியது, சொன்னால் முகம் சுளிக்காமல் திருத்துகிறார். வாய்தா நாள் காலை பத்தரைக்கு முன்னால் போனால் அரை மணி நேரம் நிற்கவேண்டும்.

நாங்கள் கடைசியில் பரஸ்பர சம்மதத்துக்கு மாற்றிக்கொண்டோம். 286 பக்கமும் பீரோ மேல் இருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

தீர்ப்பு நகலை ஜெராக்ஸ் எடுக்க போன மாதம் போனேன். மூன்று பக்கம், ஆறு ரூபாய். எடுத்து முடித்ததும், அக்கா என் ஃபைல் எல்லாம் அழித்துவிடுங்கள் என்றேன். மானிட்டரை முழுசாக என் பக்கம் திருப்பினார். இப்போது டவுன்லோட்ஸில் படம் தெரியவில்லை, மகனிடம் சொல்லி பெயர் மட்டும் தெரிகிற மாதிரி மாற்றியிருக்கிறார், ஆளுக்கு ஒரு ஃபோல்டர். என்னுடையது 'ராணிப்பேட்டை தம்பி' என்று இருந்தது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட் கொடுத்தார். குப்பைத் தொட்டியையும் திறந்து காட்டினார், காலி.

பட்டியலில் இன்னும் கொஞ்சம் கீழே 'காட்பாடி பொண்ணு' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. மாமியார் வீடு காட்பாடிதான். நான் கேட்கவில்லை. அக்கா மானிட்டரை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போகிறவர்கள் சொந்த பென்டிரைவ் கொண்டுபோங்கள், அவர்கள் மெயிலுக்கு அனுப்பாதீர்கள். வேலை முடிந்ததும் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். வாய்ஸ் மெசேஜ் டைப் பண்ணவேண்டியிருந்தால் மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள், வரிசையில் ஆள் இருக்காது. சில்லறை அவசியம், ஜிபே வைத்திருக்கிறார்கள், ஆனால் அக்காவுக்குப் பிடிக்காது.